ஸ்டாண்டு விழவில்லை

காலில் இடிக்கிறதா சார்? பொறுங்கள், சாக்கை இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். முனையில் பழைய துணி சுற்றியிருக்கிறேன், கீறாது. பயப்படவும் வேண்டாம். போன வாரம் ஒருவர் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். என்ன நினைத்தாரோ. சைக்கிள் ஸ்டாண்டு சார். ஆமாம், சைக்கிளுக்குத்தான். லாரிக்கா என்று கண்டக்டர்கூடக் கேட்டார். லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். நம் நாட்டில் கனமான பொருளுக்கு மரியாதை டிக்கெட்டில்தான் கிடைக்கிறது.

வண்டி எடுக்க நேரம் இருக்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். அதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் சாக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெயர் குருவையா. கம்பங்கூழ் வியாபாரம். தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில், சைக்கிளில் வைத்து விற்பது. நான்கு வருஷமாக அந்த இடம் என்னுடையது. பட்டா கிடையாது. தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறேன், பட்டா கிடைப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதா? வந்து நிற்கிறவனுக்கு இடம். இரண்டு நாள் வராவிட்டால், எதிர்ப்பக்கம் கரும்புச்சாறு பிழிகிறவன் வண்டியோடு நிழலுக்குள் வந்துவிடுவான். அவன் வண்டிக்கு நான்கு சக்கரம். ஸ்டாண்டு என்ற கவலையே அவனுக்கு இல்லை. யோசிக்கத் தேவையில்லாதவர்களுக்குத்தான் சார் ஆண்டவன் நான்கு சக்கரம் கொடுக்கிறான்.

கூழ் காய்ச்சுவது என் சம்சாரம் சீனியம்மாள். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கம்பை இடிக்க வேண்டும், புளிக்கவைக்க வேண்டும், அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும், ஆறவைத்துக் கரைக்க வேண்டும், மோர் கடைய வேண்டும், மோர் மிளகாய் வறுக்க வேண்டும், மாங்காய் நறுக்க வேண்டும், ஒரு கூடை சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். அவ்வளவுதான். வியாபாரம் என்பது அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. அதை ஏற்றிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்துவது. நிறுத்துவதில்தான் சார் எல்லாம் இருக்கிறது.

சைக்கிள் பழைய பெரிய சைக்கிள், பார் வைத்தது. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிரம் தொங்கும். இடது பக்கம் கூழ், வலது பக்கம் மோர். செம்பில் கூழை ஊற்றி, அதன் தலையில் கொஞ்சம் மோர். மூன்று வருஷம் சின்ன டிரம் வைத்திருந்தேன். இந்த வருஷம் இருபது லிட்டர் டிரம்மாக மாற்றினேன். அந்த யோசனை என்னுடையது. கூழ் வேகமாகக் காலியாகும், மோர் மெதுவாகத்தான் இறங்கும். அது கூழின் குணம், நான் என்ன செய்ய?

பங்குனி கடைசியில் பழைய ஸ்டாண்டின் ஒரு கால் உள்பக்கம் மடங்கிவிட்டது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டு இருக்கிறதே, அது. மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்கிற மாதிரி சைக்கிள் மெதுவாக உட்கார்ந்தது. அன்றைக்கு நான் பிடித்துவிட்டேன். வீட்டில் வந்து சொன்னால், சீனியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"ஏங்க, நாள் பூரா கூழ் டிரம்முல இருந்தே மோந்தா அந்தப் பக்கம் லேசாகும்ல? மோர் டிரம் கனமா அப்படியே கிடக்கும்ல? சைக்கிள் ஏன் சாயாது? மோரையும் கூழையும் கரைச்சே ரெண்டு டிரம்முலயும் ஊத்தித் தாரேன். இதுல ஒரு செம்பு, அதுல ஒரு செம்புன்னு மாத்தி மாத்தி மோந்து ஊத்துங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரும்பு மடங்கியிருக்கிறது, இவள் மோருக்கு வைத்தியம் சொல்கிறாள்! தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றுக்கு ஒரு மேசை, நிலத்துக்கு ஒரு மேசை, பென்ஷனுக்கு ஒரு மேசை. எல்லாவற்றையும் கரைத்து இரண்டு மேசையில் ஊற்றுங்கள் என்றால் அரசாங்கம் நடக்குமா? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அதை அவளிடம் விளக்கவில்லை. வெங்காயம் உரிக்கும்போது அவளுக்கு ஏற்கெனவே கண்ணில் தண்ணீர்.

நேராகக் கனி பாய் கடைக்குப் போனேன். நாற்பது வருஷமாகச் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர். ரிம்மைச் சுற்றி விட்டுக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"எம்புட்டு லோடு?"

"ரெண்டு டிரம், நாப்பது லிட்டர் பாய்."

"அதே மாதிரி பின் ஸ்டாண்டு கனம் கூடினது ஒண்ணு கிடக்கு, மாட்டிக்க. இல்லேன்னா கவைக்கம்பு ஒண்ணு வெட்டி பாருக்குக் கீழ முட்டுக் கொடு. கரிமூட்டைக்காரங்க, தேங்காக்காரங்க எல்லாம் அதைத்தான செய்றாங்க?"

"பாய், நான் பத்தாவது பாஸ்."

"கம்பு சர்ட்டிபிகேட் கேக்காதுப்பா."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எடுத்துக்கொள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்கள். தாசில்தார் ஜீப் வந்து நிற்கிற வாசலில், நான் ஆடு மேய்க்கிறவன் மாதிரி கம்பு ஊன்றிக்கொண்டு நிற்பதா? சுவரில் ஒரு சைடு ஸ்டாண்டு தொங்கியது. பளபளவென்று இருந்தது. காலால் தட்டினால் 'டக்' என்று நின்றது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். "அது காலேஜுப் பிள்ளைக சைக்கிளுக்குப்பா, லோடு தாங்காது" என்றார் பாய். விற்கிறவனே வேண்டாம் என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வாங்கிவிட்டேன்.

பாய் கடை சிமெண்டுத் தரையில் அருமையாக நின்றது. ஒரு வாரம் தாலுகா ஆபீஸ் வாசலிலும் நின்றது. பிறகு சித்திரை வெயில் ஏறியது. நிழலெல்லாம் கூழ் குடிக்கிறவர்களுக்கு; சைக்கிள் நிற்பது தார் ரோட்டின் ஓரத்தில். பன்னிரண்டு மணிக்கு அந்தத் தார் என்ன ஆகும் தெரியுமா? அல்வா. ஸ்டாண்டின் கால் ஒரு கட்டைவிரல் அகலம்தான். அது பாட்டுக்கு உள்ளே இறங்குகிறது. நான் அந்தப் பக்கம் வெங்காயம் எடுத்து வைக்கிறேன், சைக்கிள் இந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறது.

கரும்புச்சாறுக்காரன் அங்கிருந்து கத்துகிறான்: "அண்ணே, உங்க சைக்கிள் தாசில்தாருக்குக் கும்பிடு போடுது. மனு எதுவும் வச்சிருக்கா?"

மறுநாள் காலையில், வெங்காயம் மிளகாய் வைக்கிற வெஞ்சனப் பைக்குள் ஒரு பலகைத் துண்டு கிடந்தது. சீனியம்மாள் வேலை. "காலுக்கு அடியில வைங்க, தாருக்குள்ள இறங்காது" என்றாள். ஸ்டாண்டுக்குச் செருப்பு! எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனேன். அவள் மறுநாளும் வைத்தாள். நானும் மறுநாளும் எடுத்தேன். குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் சார். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குள் ஜமாபந்தி வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, கிராமத்துக் கணக்கெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு வரும். மேலேயிருந்து அதிகாரி வந்து உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நாளைக்கு இத்தனை கிராமம் என்று பிரித்துக் கூப்பிடுவார்கள். சனம் மனுவோடு வந்து குவியும். மனு கொடுத்தவனுக்குத் தாகம் எடுக்கும். கொடுக்க முடியாதவனுக்கு இன்னும் எடுக்கும். கூழ்க்காரனுக்கு வருஷத்தில் அந்த ஏழெட்டு நாள்தான் தீபாவளி. அந்த நாளில் நின்றவனுக்குத்தான் அந்த இடம். விழுந்தவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் இனி கடைச் சாமானை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் நானே படம் வரைந்தேன். ஆங்கிள் இரும்பில் இரண்டு கால், நன்றாக அகட்டி. ஒவ்வொரு காலுக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பாதம். தாரில் இறங்காது. இது அந்தப் பலகை யோசனை அல்ல, வேறு. மேலே ஒரு தகடு, நோட்டுப் புத்தகம் அளவு. அதைச் சைக்கிளின் அடிச்சட்டத்தோடு நான்கு போல்ட்டில் மாட்டுவது. ஓட்டும்போது மடக்கிக்கொள்ள ஒரு கீல். ஞானதுரை பட்டறையில் கொடுத்தேன். அவன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, இது சைக்கிளுக்கா, தண்ணித் தொட்டிக்கா?"

"நீ அடி."

"அடிச்சுருவேன். ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகாது. மாட்டுற போல்ட்டு சைக்கிள் போல்ட்டுதான? கனம் ஒரு பக்கமா இழுத்தா அது தாங்குமா?"

பாருங்கள், இவனும் ஒரு பக்கம் என்கிறான். ஒருத்தர் சொன்னால் கேட்கலாம். எல்லோரும் ஒன்றையே சொன்னால் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பச்சை பெயிண்ட் அடித்து வாங்கி வந்தேன். ஒன்பது கிலோ.

ஒன்பது கிலோவைச் சேர்த்து ஏற்றினால் மேட்டில் சைக்கிள் ஏறவில்லை. இதுவும் நான் எதிர்பார்த்ததுதான். எளிய வழி இருந்தது. கூழில் எட்டு லிட்டர் குறைத்துவிட்டேன். சீனியம்மாள் மீதிக் கூழைப் பார்த்தாள், ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் ஜமாபந்திக்குக் கூட்டித்தான் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க குறைச்சு எடுத்துட்டுப் போறீங்க. நாம கூழ் விக்கிறமா, ஸ்டாண்டு விக்கிறமா?"

"நின்னாத்தான் விக்க முடியும்" என்றேன். எவ்வளவு ஆழமான பேச்சு. அவள் திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதல் நாள் நின்றது பாருங்கள், கோயில் தூண் மாதிரி. சின்னப் பிள்ளைகள் வந்து தட்டிப் பார்த்தார்கள். கூழ் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோய், வரிசையில் நின்ற பாதிப் பேர் கரும்புச்சாற்றுக்குப் போனார்கள். அது வேறு விஷயம். ஸ்டாண்டு அசையவில்லை.

இரண்டாம் நாள் நடந்ததில் என் தவறு எது என்று நீங்களே சொல்லுங்கள். என் சைக்கிளுக்கு வலது பக்கம் ஆவுடையப்பன் உட்கார்ந்திருப்பார். மனு எழுதித் தருகிறவர். மடக்கு மேசை, ஒரு குடை, கட்டுக்கட்டாகத் தாள். அன்றைக்கு நாற்பது மனு எழுதி, கையெழுத்து, ரேகையெல்லாம் வாங்கி, அடுக்கி வைத்திருந்தார். மணி பதினொன்றரை. கூழ் டிரம் அடியைத் தொட்டுவிட்டது. மோர் டிரம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. நான் கடைசிச் செம்பை மொண்டு நிமிர்கிறேன். 'டப், டப்' என்று இரண்டு சத்தம். போல்ட்டு. பிறகு இன்னும் இரண்டு. சைக்கிள் வலது பக்கமாக, டிரம்மோடு, ஆவுடையப்பன் மேசையில் போய்ப் படுத்தது.

மோர் என்றால் வெறும் மோர் இல்லை. சீனியம்மாள் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போடுவாள்.

"நாப்பது குடும்பத்துத் தலையெழுத்தைக் கரைச்சுட்டியே குருவையா!" என்று ஆவுடையப்பன் அலறினார். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். மை ஓடிவிட்டது. "கறிவேப்பிலையை ஒட்டி எப்படிய்யா கலெக்டருக்கு அனுப்புறது?"

சனம் கூடிவிட்டது. ஒரு பெண் தன் மனுவைத் தேடி அழ ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் கத்துகிறார்கள். ஆனால் சார், ஒருத்தர், ஒரே ஒருத்தர் கவனிக்கவில்லை. ஸ்டாண்டு விழவில்லை! சைக்கிள் விழுந்தது, டிரம் விழுந்தது, மேசை விழுந்தது. ரோட்டு ஓரத்தில் ஸ்டாண்டு மட்டும் தனியாக, பச்சையாக, வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. நான் கையை நீட்டிக் காட்டினேன். "பாருங்க, ஸ்டாண்டு விழலை" என்றேன். கரும்புச்சாறுக்காரன் மட்டும் கை தட்டினான். எதிரிக்கு இருக்கிற நேர்மை நம் ஆட்களுக்கு இல்லை.

உள்ளேயிருந்து தாசில்தாரின் டவாலி வந்து, நாளையிலிருந்து இந்தச் சைக்கிள் இங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருஷத்து இடம், ஒரே வார்த்தையில். கரும்புச்சாறு வண்டியின் முன்சக்கரம் அப்போதே நிழலைத் தொட்டுவிட்டது.

அந்த நேரத்தில் சீனியம்மாளுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டையும் பார்க்கவில்லை. முதல் நாள் மிச்சம் வைத்துவிட்டுப் போன மாதிரி அன்றைக்கும் எட்டு லிட்டர் கூழ் வீட்டில் கிடந்ததே, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கையில் புதுத் தாள் கட்டு. ஆவுடையப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நனைந்த மனுவை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியில் ஒற்றி, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள். அவர் திரும்ப எழுதினார். காத்திருந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கூழ். மூன்று மணிக்குள் நாற்பதும் உள்ளே போய்விட்டது. ஆவுடையப்பன் போய் டவாலியிடம் பேசினார். டவாலி வந்து, "அந்த அம்மா வந்தா நிக்கட்டும்" என்றார். ஆபீஸ் என்றாலே பெண்களுக்கு ஒரு இரக்கம் காட்டுவார்கள், அதுதான் காரணம்.

மறுநாள் அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். "எங்கப்பா சைக்கிள்தான, எனக்குத் தள்ளத் தெரியும்" என்றாள். போகிற வழியில் கண்மாய்க் கரையில் கருவேல மரத்தில் ஒரு கவைக்கம்பு வெட்டிக்கொண்டாளாம். பாருக்குக் கீழே முட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல். முடிந்தது. டிரம் இரண்டிலும் கரைத்த கூழ். இதில் ஒரு செம்பு, அதில் ஒரு செம்பு. நான் கட்டிக் காத்த ஒழுங்கு மொத்தமும் போச்சு. ஜமாபந்தி முடிகிறவரைக்கும் என்று நான்தான் அனுமதி கொடுத்தேன். ஜமாபந்தி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அனுமதியை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு வேறு வேலை இருக்கிறது. போல்ட்டு. குறை ஸ்டாண்டில் இல்லை, போல்ட்டில். மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும் என்று சொன்னது யார் தெரியுமா? அவளேதான்! "மதுரைக்கே போய்ப் பாருங்களேன், அங்கனதான் நல்ல சாமான் கிடைக்கும்" என்றாள். இது நான்காவது வாரம். ஒரு வாரம் போல்ட்டு பெரிதாகிவிடுகிறது, ஒரு வாரம் நட்டு சேரவில்லை. வெறுங்கையோடு வந்தால் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. "பரவால்ல, அடுத்த வாரம் போங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறாள். பாட்டிலில் கூழ் ஊற்றி, பஸ்ஸுக்குக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஸ்டாண்டு என்று வாயெடுத்தாலே முகத்தைத் திருப்பியவள் சார்! என் பேச்சு கடைசியில் மண்டையில் ஏறிவிட்டது.

வண்டி எடுத்துவிட்டார். சாக்கைப் பிடிக்க வேண்டாம், சார். அது நிற்கும். கால் விரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

இந்த ரோடுதான். வளைவு தாண்டினால் தாலுகா ஆபீஸ். நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், ஒரு உதவி செய்யுங்கள். அந்தக் கம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கோ நாளைக்கோ விழும். நான் பார்த்தால் கண்பட்டது என்பார்கள்.

ஐயோ, ஏன் இப்படி பிரேக் போடுகிறார்! பார்த்தீர்களா? நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுந்தார்கள். கண்டக்டரே கம்பியைப் பிடித்தார். ஸ்டாண்டு அசைந்ததா? அசையவில்லை!

ரோடு வரைக்கும் வரிசை நிற்கிறதா? எதற்கு? இன்றைக்கு ஆபீஸில் ஒன்றும் இல்லையே.

என்ன கண்டக்டர்? கூழா? எனக்கு வேண்டாம். என்ன சொன்னீர்கள்? "முந்தி இங்கன ஒரு ஆளு வித்தான், சைக்கிளைத் தினமும் கீழ போட்டுருவான்" என்றா? தினமும் இல்லை. ஒரு நாள். சரி, விடுங்கள். இந்த வண்டி டிரைவரே தினமும் நிறுத்திக் குடிக்கிறாரா? நல்ல பழக்கம். சார், ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்களேன், வெயில் அடிக்கிறது. வேண்டாம், வந்துவிட்டாள். ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, பாட்டில்ல ஊத்துனது சூடாகிரும். இதைக் குடிச்சுக்கங்க. அந்த சாருக்கும் ஒரு செம்பு. போல்ட்டு கிடைக்கலேன்னாலும் பரவால்ல, மெதுவா வாங்க."

வாங்கிக்கொள்ளுங்கள் சார். சம்சாரம்தான். கண்டக்டர் ஏன் அப்படிப் பார்க்கிறார்? குடியுங்கள், இஞ்சி தூக்கலாக இருக்கும். பொறுங்கள், என் செம்பை எங்கே வைப்பது? இதோ, சாக்கின் வாயைக் கீழே சுருட்டிவிடுகிறேன். தகடு தெரிகிறதா? இதன் மேல் வைக்கிறேன். கையை எடுத்துவிட்டேன். பாருங்கள். விளிம்புவரைக்கும் கூழ், ஒரு சொட்டு சிந்தியதா? எத்தனை பேர் சிரித்தார்கள்! நிற்கிறது பாருங்கள்!

என்ன சொல்கிறீர்கள்? வண்டி இன்னும் கிளம்பவில்லை, அதனால்தான் சிந்தவில்லையா?

கிளம்பட்டும் சார். கிளம்பட்டும்.